பிள்ளையின் கையில் எந்த நூல்? தேர்ந்தெடுத்தவர் யார்?

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. சனிக்கிழமை மாலை. பூமாலைக் கடைகளில் கூட்டம், பலகாரக் கடைகளில் கூட்டம், துணிக்கடைகளைச் சொல்லவே வேண்டாம். 2010ஆம் ஆண்டில் ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர் சூட்டப்பட்ட இந்த வட்டாரத்தில் ஒரு தமிழர் வீட்டுக்கு வேண்டிய எல்லாமே கிடைக்கும். தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும், கொஞ்சம் தேடினால்.

பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தகக் கடைக்குள் நுழையும் பெற்றோர் அங்கே என்ன கேட்கிறார்கள்? “ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ்ப் பயிற்சி நூல் இருக்குங்களா?” கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். பணம் கை மாறுகிறது. அலமாரியில் படம் போட்ட புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

‘சிறுவர்களுக்கும் இளையோருக்கும் எந்த நூல்களைப் பரிந்துரைக்கலாம்?’ என்று எந்த மேடையில் கேட்டாலும் உடனே ஒரு பட்டியல் வந்துவிடும். பட்டியல் தவறில்லை. ஆனால், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த மண்ணில் கடந்த நூறு ஆண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளையின் கையில் இருந்த நூலைத் தேர்ந்தெடுத்தவர் யார்? வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளை தானே தேர்ந்தெடுத்த காலம் மிகக் குறைவு என்பது தெரியவரும்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு அலமாரிகள்

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரை வீடுகள் அழிந்த இடத்தில் செங்கல் கட்டடங்கள் எழும்பின. அதற்காகச் செங்கல் சூளைகள் போடப்பட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளைகளை அடுத்து இரயில்வே வந்தது. இரயில்வேயைத் தொடர்ந்து, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்து சேர்ந்தனர். 1902இல் கந்தசுவாமி கோயிலும் 1904இல் விவேகானந்தா ஆசிரமமும் இங்கே தோன்றின. ஆன்மிகத்தோடு கல்வியும் இளைஞர் வளர்ச்சியும் ஆசிரமத்தின் நோக்கங்களாக இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

அந்தக் குடும்பங்கள் புறப்பட்டு வந்த யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்கும் பிள்ளைக்கு முதல் நூல் எது? ஆறுமுக நாவலரின் ‘பாலபாடம்’. 1850களின் தொடக்கத்தில் அச்சேறிய இந்த வரிசை, எழுத்து, சொல், சிறு வாக்கியம், பிறகு நீதி, சமயம் என்று படிப்படியாகப் பிள்ளையை மேலே ஏற்றியது. தமிழில் வயதுக்கேற்ற பாடநூல் என்ற எண்ணத்துக்கு அது ஒரு முன்னோடி. ஆனால், அது எழுந்த சூழலையும் மறந்துவிடக் கூடாது. பாதிரிமார்கள் தங்கள் பள்ளிகளில் தங்கள் சமயம் சொல்லும் நூல்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அதற்கு மாற்றாக நாவலர் தம் நூல்களைக் கொடுத்தார். இரு தரப்பும் பிள்ளையின் நன்மையையே நினைத்தன. இரு தரப்புமே பிள்ளையைக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் கிராணியின் பிள்ளை பகலில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனான். அவன் அலமாரியில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் சேர்ந்தன. தமிழ், வீட்டிலும் கோயிலிலும் கற்கும் மொழியாயிற்று.

இங்கிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் கிள்ளான். அந்த வட்டாரத்து இரப்பர் தோட்டங்களில் இன்னொரு பிள்ளை இருந்தான். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்றது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. பள்ளி என்றால் பல இடங்களில் ஒரு கொட்டகைதான். கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ ஆசிரியர். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவையே பாடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த பாடநூல்கள்.

அந்தப் பாடநூல்களில் கங்கை ஓடியது, காவிரி ஓடியது, கிள்ளான் ஆறு ஓடவில்லை. கணக்குப் போட அணாவும் ரூபாயும் இருந்தன. பிள்ளையின் அப்பா வாங்கிய கூலியோ வெள்ளியும் காசும். ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து, வாழ்நாளில் பார்க்காத ஆலமரத்தைப் பற்றிப் படித்த பிள்ளைகள் ஒரு தலைமுறை அல்ல, இரண்டு மூன்று தலைமுறை. தமிழ்ப்பள்ளி நூல்கள் இந்தியாவை நோக்கியே இருக்கின்றன என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கை எல்லாப் பள்ளிகளுக்கும் இந்நாட்டைச் சார்ந்த பொதுவான பாட உள்ளடக்கத்தை வலியுறுத்திய பின்னரே நிலை மெல்ல மாறியது. நம்மூர் பெயர்களும் நம்மூர் பழங்களும் பாடநூலுக்குள் வந்தன. தேர்ந்தெடுக்கும் கை தோட்ட நிர்வாகத்திடமிருந்து கல்வி அமைச்சுக்கு மாறியது.

பிள்ளைகளே எழுதிய பக்கம்

இந்த நீண்ட கதையில் ஒரு வியப்பான திருப்பம் உண்டு. அதை நிகழ்த்தியது பள்ளியோ அரசாங்கமோ அல்ல, ஒரு நாளிதழ்.

1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி சும்மா இருக்கத் தெரியாத மனிதர். 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி மலாயா முழுவதும் பரப்பியவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் முதல் வணிகர் வரை எல்லாரிடமும் பணம் திரட்டியவர். அப்படித் திரண்ட பணத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப்பட்டன. அத்தகையவரின் இதழில், 1950களின் தொடக்கத்தில் ‘மாணவர் மணிமன்ற மலர்’ என்ற பகுதி வெளிவரத் தொடங்கியது.

அதில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அறிவுரை எழுதுவது மட்டும் நடக்கவில்லை. மாணவர்களே எழுதினார்கள். கவிதை, கட்டுரை, சிறுகதை என்று அனுப்பினார்கள். அச்சில் வந்தது. இன்று ஒரு விநாடியில் கைப்பேசியில் படம் ஏற்றிப் பழகிய தலைமுறைக்கு அதன் பெருமை புரிவது கடினம். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரத்தைத் தவிர வேறொன்றும் தனக்கு எழுதி வைக்கப்படவில்லை என்று நினைத்த ஒரு பிள்ளை, தன் பெயரை அச்செழுத்தில் பார்க்கிறான். அந்த ஒரு பிரதி எத்தனை கை மாறியிருக்கும்! பக்கத்துத் தோட்டத்துப் பையனும் அதைப் படிக்கிறான். ‘இவன் எழுதினால் நான் எழுத மாட்டேனா?’ என்று அவனும் பேனாவை எடுக்கிறான். எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும். படிக்க நூல் வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தாமல் வாசிப்பு வளர்ந்த இடம் இதுதான்.

மலர் அத்தோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் மணிமன்றங்கள் முளைத்தன. மாணவர் மணிமன்றம் தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்து, நாடு தழுவிய பேரவை கொண்ட இயக்கமாகியது. மேடையில் பேசக் கற்றவர், நாடகம் போட்டவர், பின்னாளில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் ஆனவர் என்று அந்தப் பாசறையிலிருந்து வந்தவர் பலர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த மலரைத் தாண்டிப் போவதில்லை. ஆனால், அதைச் சிறுவர் வாசிப்பின் வரலாறாகப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தால்தான் அதன் முழு மதிப்பும் தெரியும். தன்னைப் போன்ற ஒரு பிள்ளை எழுதியதைப் படிக்க, எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரை தேவைப்படவில்லை.

கப்பலேறி வந்த வேதாளம்

அதே காலக்கட்டத்தில் இன்னொரு பக்கமிருந்தும் பிள்ளைகளுக்கு விருந்து வந்தது. சென்னைக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஆட்கள் மட்டும் பயணம் செய்யவில்லை. தமிழ்நாட்டு இதழ்களும் கடல் கடந்து வந்தன. 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வை நினைவில்லாத மூத்த வாசகர் இருப்பாரா? வாளை உருவியபடி, தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது, தாத்தா பாட்டிகளாகிவிட்ட எத்தனையோ பேருக்குத் தங்கள் பிள்ளைப் பருவமே கண்முன் வந்து போனது.

தமிழ்நாட்டில் அது சிறுவர் இலக்கியத்தின் பொற்காலம். 1950இல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு ‘கண்ணன்’ வந்தது. வாண்டுமாமா கதைகளை மழையாகப் பொழிந்தார். பெரியசாமித் தூரனின் உழைப்பில் ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ 10 தொகுதிகளாக வெளிவந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’.

காமிக்ஸ் என்றாலே அப்போதைய பெரியவர்களுக்கு ஆகாது. பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்கள் உண்டு, பிடிபட்டு அடி வாங்கியவர்களும் உண்டு. ஆனால், அடி வாங்கியும் படித்தார்கள் அல்லவா? எத்தனை பரிசுத் திட்டம் போட்டாலும் இன்று கிடைக்காத வாசகர்கள் அவர்கள். அந்த நூலைப் பிள்ளைகள் தாங்களே தேடிப் போனார்கள். வாடகைக்கு எடுத்தார்கள், இரவல் வாங்கினார்கள், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொண்டார்கள். அதில் வந்த தமிழ் இலக்கணப்படி இருந்ததா என்று கேட்டால் இல்லைதான். அடுத்த பக்கத்தைப் புரட்ட வைத்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதில் ஒரு சுவர்

நாடு சுதந்திரம் அடைந்த 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் நாம் அறிந்த வரலாறு. எண்ணிக்கை குறைந்தாலும் தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது, பிள்ளைகள் அங்கே தமிழில் படிக்கிறார்கள். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை மலாய்மொழியில் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். சிலர் புகுமுக வகுப்பு வழியாக, மற்றவர்கள் நேராக முதலாம் படிவத்துக்கு. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் வகுப்பு நடத்தலாம் என்பதே ஏற்பாடு. ஆசிரியர் இல்லை, கால அட்டவணையில் இடமில்லை என்று பல பள்ளிகளில் அது பள்ளி நேரத்துக்குப் பின் தள்ளப்படுகிறது. ஆக, பல பிள்ளைகளுக்குக் கையில் எடுக்கும் கடைசித் தமிழ் நூல் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில்!

அந்தப் பன்னிரண்டு வயது வரை அவன் என்ன படித்தான்? 1988இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்படும்வரை தமிழ்ப்பள்ளிகளின் வாசிப்பை ஆண்டது அதுதான். கருத்துணர்தல், கட்டுரை என்ற இரண்டு தாள்களுக்காகப் பயிற்சி நூல்கள் குவிந்தன. கட்டுரைத் தொகுப்புகள் மனப்பாடம் செய்யப்பட்டன. பள்ளிப் பதிப்புத் துறை அந்த நூல்களை நம்பியே வாழ்ந்தது என்றாலும் மிகையில்லை. 1990களின் இறுதியில் வந்த ‘நிலாம்’ வாசிப்புத் திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. படித்த நூலின் பெயரையும் சுருக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும், எண்ணிக்கைக்கு ஏற்ப அங்கீகாரம் கிடைக்கும். ஆனால், எண்ணிக்கை என்று வந்துவிட்டால் பிள்ளை எந்த நூலை எடுப்பான்? மெல்லிய நூலைத்தான். 16 பக்கத் தெனாலிராமனும் பீர்பாலும் மரியாதைராமனும் பதிவேடுகளில் வலம் வந்ததில் வியப்பில்லை.

தெனாலிராமன் மீது யாருக்கும் கோபம் இல்லை. ஆனால், 7 வயதிலும் தெனாலிராமன், 11 வயதிலும் தெனாலிராமன், 13 வயதில் திடீரென்று பெரியவர்களுக்கான நாவல் என்றால் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பிள்ளை எப்படித் தாண்டுவான்? அந்த வயதில் அவனுக்கு ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் இருக்கிறது, ஜப்பானிய மங்கா இருக்கிறது. தமிழ் தோற்பது மொழியால் அல்ல, அந்த வயதுக்குரிய நூல் அலமாரியில் இல்லாததால்.

எதைக் கையில் கொடுப்பது?

இருப்பதை வைத்துத் தொடங்கலாம். பள்ளிக்கு முந்திய வயதுக்குப் பாட்டு வேண்டும். கிள்ளான் வட்டாரத்துக் கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறன் குழந்தைப் பாடல்களுக்கென்றே பல்லாண்டு உழைத்தவர். 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற பெருந்தொகுப்பைக் கொடுத்த அதே கை, மழலையர் வாயில் நுழையும் சொற்களையும் எழுதியது. பெரிய படமும் சில வரிகளும் கொண்ட நூல்களுக்கு, 1996இல் தொடங்கிய சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ் வெளியீடுகளைப் பார்க்கலாம். அவற்றில் சில இருமொழி நூல்கள். தமிழ் தடுமாறும் பெற்றோரும் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க வசதி.

8, 9 வயதுக்குச் சருகுமான் கதைகள். முதலைகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணுவதுபோல் ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் ‘சாங் கஞ்சில்’ நம் பிள்ளைகளுக்கு மலாய்ப் பாடத்திலேயே அறிமுகம். தெரிந்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிப் பாருங்கள், நரியையும் காகத்தையும்விட வேகமாக ஒட்டிக்கொள்ளும்.

10 வயதுக்கு மேல் மர்மம் வேண்டும். கெடாவைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ என்று சிறுவர் நாவல் எழுதியதற்குக் காரணம் இந்தப் பசிதான். தமிழ்நாட்டில் இந்த வயதினருக்காக எழுதுவோர் இன்று பெருகியுள்ளனர். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. பிள்ளைகள் மீதான தவறான தொடுதல் பற்றிப் பேசும் கதை. வீட்டில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விஷயத்தை ஒரு மரப்பாச்சி பொம்மை சொல்கிறது. பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுக்கலாம்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போன தமிழர்களின் கதை. வரலாற்றுப் பாடநூலில் சில வரிகளில் வரும் செய்தி, இங்கே முகமும் பெயரும் கொண்டு நிற்கும். கொடுமைகள் நிறைந்த நூல், 13 வயதுக்குக் கனமாக இருக்கலாம். 15, 16 வயதில் படித்தால் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் கேட்கத் தோன்றும். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யும் அந்த வரிசையில் வரும். திரைப்படம் பார்த்துவிட்டு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் கேட்கும் பிள்ளையிடம், ‘தமிழ் கஷ்டமாக இருக்கும்’ என்று சொல்லித் தடுக்காதீர்கள். கஷ்டமா இல்லையா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

பெற்றோரும் ஆசிரியரும் படிக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. எழுதியவர் தெத்சுகோ குரோயநாகி, ஜப்பானின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிப் படைப்பாளர். சொந்தக் கதையைத்தான் எழுதினார். முதல் பள்ளியிலிருந்து ‘அடங்காதவள்’ என்று அனுப்பப்பட்ட சிறுமி, பழைய இரயில் பெட்டிகளையே வகுப்பறையாகக் கொண்ட ஒரு பள்ளியில் சேர்கிறாள். சேர்ந்த அன்று தலைமையாசிரியர் கொபயாஷி அவள் பேசப் பேச மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் பள்ளிக்கு ஒருநாள் இன்னொரு இரயில் பெட்டி வருகிறது. அதை நூலகமாக்குகிறார்கள். எந்த வகுப்புப் பிள்ளையும் எந்த நூலையும் எடுக்கலாம், இது உன் வயதுக்குரியதல்ல என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிடித்ததை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகள் பெட்டிக்குள் முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அந்தப் பள்ளி 1945இல் தோக்கியோ மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோனது.

இரயில்வே பிள்ளைகள் வளர்ந்த பிரிக்பீல்ட்சுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. அடுத்த முறை புத்தகக் கடைக்குப் போகும்போது, பயிற்சி நூலை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பிள்ளையின் கையில் ஒரு பத்து வெள்ளியைக் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் வெளியே வந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். காத்திருக்கப் பிரிக்பீல்ட்சில் தே தாரிக் கடைகளுக்கா பஞ்சம்?